டைனரில் உட்கார்ந்திருப்பவர் யார்?

2019 மார்ச் 6 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லார்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து கடைசி ஷெவர்லே க்ரூஸ் கார் வெளியே வந்தது. 1966இல் தொடங்கிய ஆலை அது. மூடப்போவதாக அறிவிப்பு வந்தபோது அங்கே சுமார் 1,600 பேர் வேலையில் இருந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு கூட ஆகாத காலத்துக்கு முன், 2017 ஜூலையில், பக்கத்து நகரான யங்ஸ்டவுனில் டொனால்டு டிரம்ப் ஒரு பெரிய பொதுக்கூட்டம் நடத்தியிருந்தார். போன வேலைகளெல்லாம் திரும்பி வரும், யாரும் வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள் என்று அந்த மேடையில் சொல்லியிருந்தார். நிருபர்களுக்கு இதைவிடப் பொருத்தமான களம் அமையாது. தொலைக்காட்சி வண்டிகள் வந்தன, நியூயார்க்கிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் கட்டுரையாளர்கள் வந்தார்கள். எல்லோர் கையிலும் ஒரே கேள்விதான் இருந்தது: இப்போதும் அவரை ஆதரிக்கிறீர்களா?

லார்ட்ஸ்டவுன் இருக்கும் டிரம்புல் கவுண்டி 2020 தேர்தலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. டிரம்புக்கு 2016இல் கிடைத்ததைவிட அங்கே வாக்கு விகிதம் கூடியது. அடுத்திருக்கும் மஹோனிங் கவுண்டி 2012இல் பராக் ஒபாமாவுக்கு அறுபது சதவீதத்துக்கும் மேல் வாக்களித்த இடம், 2016இலும் நூலிழையில் ஹிலாரி கிளின்டனுக்கு நின்ற இடம். அதுவும் 2020இல் டிரம்ப் பக்கம் போனது. 1972இல் நிக்சனுக்குப் பிறகு அங்கே வென்ற முதல் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் அவர்தான். ஆலை மூடியது, வாக்கு கூடியது. கேள்வி கேட்டவர்களுக்கு இது புதிராக இருந்தது. அந்தப் பகுதியின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டியவர்களுக்கு அவ்வளவு புதிராக இருந்திருக்காது.

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் ட்யூப் நிறுவனம் தன் கேம்பெல் உருக்காலையை மூடுவதாக அறிவித்தது. சுமார் 5,000 வேலைகள் போயின. ஊரார் இன்றும் அதைக் கருப்புத் திங்கள் என்றே சொல்கிறார்கள். தேவாலயங்கள் ஒன்றுகூடி, தொழிலாளர்களும் ஊரும் சேர்ந்து ஆலையை வாங்கி நடத்தலாம் என்று ஒரு திட்டம் போட்டன. மத்திய அரசு கடனுக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று கேட்டன. ஜனநாயகக் கட்சிக்காரரான ஜிம்மி கார்ட்டரின் அரசு 1979இல் மறுத்துவிட்டது. பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது வந்து ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள். 2009இல் ஒபாமா அதே லார்ட்ஸ்டவுன் ஆலைக்கு வந்து நம்பிக்கை ஊட்டினார். 1930இல் 1,70,000 பேர் வாழ்ந்த யங்ஸ்டவுனில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 60,000 பேர். நாற்பது ஆண்டுகள் வாக்குறுதிகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஊரில் ஒரு வாக்குறுதி பொய்த்ததா என்று கேட்டால், எந்த வாக்குறுதி என்று திருப்பிக் கேட்பார்கள். பழி ஜெனரல் மோட்டார்ஸ் மேல் போகலாம், 1994இன் வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் மேல் போகலாம், தொழிற்சங்கத்தின் மேலும் போகலாம். டிரம்பே ஆலையின் தொழிற்சங்கத் தலைவரைப் பெயர் சொல்லி ட்விட்டரில் சாடினார்.

அதே 2019இல் அந்த ஊரில் இன்னொன்றும் மூடப்பட்டது. 150 ஆண்டுகளாக வெளிவந்த, நெடுங்காலம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த ‘தி விண்டிகேட்டர்’ என்ற யங்ஸ்டவுன் நாளிதழ், ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு நின்றுபோனது. 144 பேர் வேலை இழந்தார்கள். பக்கத்து ஊரான வாரனின் நாளிதழ் அதன் பெயரையும் சந்தாதாரர் பட்டியலையும் வாங்கி, அதே பெயரில் ஒரு பதிப்பைக் கொண்டுவருகிறது. அது நல்ல விஷயம்தான். ஆனால் நகரமன்றக் கூட்டத்துக்கும் பள்ளி வாரியக் கூட்டத்துக்கும் வாரா வாரம் போய் உட்கார்ந்த பழைய ஆசிரியர் குழு கலைந்துவிட்டது. வெளியூர் நிருபர்கள் மிக அதிகமாக வந்து மொய்த்த காலத்திலேயே உள்ளூர் நிருபர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

டிரம்பின் ஆதரவாளர்களை அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதிய விதம் பற்றிப் பத்தாண்டுகளாகச் சண்டை நடக்கிறது. இடதுசாரிகள் ஊடகம் அவர்களைக் கொஞ்சிக் கொஞ்சி எழுதியது என்கிறார்கள். வலதுசாரிகள் ஊடகம் அவர்களை மிருகக்காட்சி சாலையில் பார்ப்பதுபோல் பார்த்தது என்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம். என் பார்வையில் கோளாறு இரண்டிலும் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் போய்த் திரும்பும் பயணத்தை அறிதலுக்கு ஈடாக வைத்ததில்தான் இருக்கிறது. விசுவாசம் என்பது ஒருவர் மனதில் இருக்கும் கருத்து, கேட்டால் சொல்வார், சான்று காட்டினால் மாற்றிக்கொள்வார் என்ற எண்ணத்தோடு நிருபர் போகிறார். ஆனால் அது பெரும்பாலும் ஒருவர் யாரோடு பழகுகிறார், எந்தத் தேவாலயத்துக்குப் போகிறார், எந்த வானொலியைக் கேட்டபடி வண்டி ஓட்டுகிறார், எந்தக் கட்சியின் உள்ளூர்க் கிளை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பவற்றால் ஆனது. ஒரு காபி குடிக்கும் நேரத்தில் அது தெரியவராது.

இது டிரம்போடு பிறந்த பழக்கமும் அல்ல. 1968 ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது போலீஸார் போராட்டக்காரர்களையும் நிருபர்களையும் தெருவில் வைத்து அடித்தார்கள். நாடு கொதிக்கும் என்று பத்திரிகைகள் எதிர்பார்த்தன. மாறாக, கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மையோர் போலீஸ் பக்கம் நின்றார்கள். ஜோசப் கிராஃப்ட் என்ற புகழ்பெற்ற பத்தி எழுத்தாளர், நம்மைப் போன்ற பத்திரிகையாளர்கள் நாட்டின் நடுத்தட்டு மக்களிடத்தில் வேரற்றுப் போய்விட்டோம் என்ற பொருளில் எழுதினார். அந்த ஆண்டு நவம்பரில், கறுப்பர்-வெள்ளையர் பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்து அரசியலில் வளர்ந்த ஜார்ஜ் வாலஸ் மூன்றாவது வேட்பாளராக நின்று 13.5 சதவீத வாக்கும் ஐந்து மாநிலங்களும் பெற்றார். உடனே பாவமன்னிப்புக் காலம் தொடங்கியது. நியூயார்க் இதழில் பீட் ஹாமில் 1969 ஏப்ரலில் வெள்ளைக் கீழ்நடுத்தர வர்க்கத்தின் கோபம் பற்றி எழுதினார். ஹார்ப்பர்ஸ் இதழில் பீட்டர் ஷ்ராக் மறக்கப்பட்ட அமெரிக்கனைப் பற்றி எழுதினார். நிக்சன் அந்த ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி உரையில் ‘மௌனப் பெரும்பான்மை’ என்று அவர்களுக்குப் பெயர் சூட்டினார். பத்து நாள் கழித்து அவருடைய துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ தொலைக்காட்சி நிறுவனங்களை நேரடியாகத் தாக்கிப் பேசினார். டைம் இதழ் 1969இன் ஆண்டு மனிதர்களாக ‘நடு அமெரிக்கர்களை’த் தேர்ந்தெடுத்து அட்டையில் போட்டது. ஊடகம் அவர்களைக் கொண்டாடியது, அதே மூச்சில் அவர்களின் தலைவர்கள் ஊடகத்தை எதிரியாக நிறுத்தினார்கள். 2016இல் நாம் கண்டதன் முழு வரைபடமும் அங்கேயே இருக்கிறது.

1985இல் ஸ்டான்லி கிரீன்பெர்க் என்ற கருத்துக்கணிப்பாளர் மிச்சிகனின் மெக்கோம் கவுண்டிக்குப் போனார். கார்த் தொழிலாளர்கள் நிறைந்த புறநகர் அது. 1960இல் கென்னடிக்கு 63 சதவீதம் வாக்களித்த அதே கவுண்டி 1984இல் ரீகனுக்கு 66 சதவீதம் வாக்களித்திருந்தது. ஏன் என்று அறிய அவர் சிறுசிறு குழுக்களாக மக்களை உட்காரவைத்துப் பேசினார். ஜனநாயகக் கட்சியின் மிச்சிகன் பிரிவுக்காகச் செய்த ஆய்வு அது. அதிலிருந்துதான் ‘ரீகன் ஜனநாயகர்’ என்ற சொல் ஊரெல்லாம் பரவியது. அன்றிலிருந்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மெக்கோமுக்கு நிருபர்கள் வருவது தேர்த்திருவிழா போல் ஆகிவிட்டது.

2016க்கு வருவோம். தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் ஆதரவாளர்கள் செய்தியின் பொருளாக இல்லை, பின்னணியாக இருந்தார்கள். கேபிள் தொலைக்காட்சிகள் டிரம்பின் கூட்டங்களை வெட்டாமல் நேரலையில் காட்டின. மேடை காலியாக இருந்தபோதும் காத்திருந்து காட்டின. அந்த ஆண்டு மார்ச் நிலவரப்படி அவருக்குக் கிடைத்த இலவச ஊடக வெளிச்சத்தின் மதிப்பு ஏறக்குறைய 200 கோடி டாலர் என்று நியூயார்க் டைம்ஸ் ஒரு கணக்கை வெளியிட்டது. அத்தனை கூட்டங்களை முழுதாகக் காட்டியிருக்க வேண்டியதில்லை என்று சிஎன்என் தலைவர் ஜெஃப் ஸுக்கர் அக்டோபரில் ஒப்புக்கொண்டார். அந்த மணிக்கணக்கான நேரலையில் தொப்பியும் பதாகையுமாக ஆயிரக்கணக்கான முகங்கள் வந்துபோயின. அவர்களில் யாரும் பேசியதாக நினைவில்லை.

செப்டம்பர் 9 அன்று நியூயார்க்கில் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் ஹிலாரி கிளின்டன், டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரை ‘இழிந்தவர்களின் கூடை’யில் போடலாம் என்றார். அதே பேச்சில் மறுபாதியைப் பற்றி, அரசும் பொருளாதாரமும் கைவிட்டதாக உணர்பவர்கள், அவர்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இரண்டாம் பகுதி தலைப்புச் செய்தியாகவில்லை. ஆகவும் முடியாது, அது செய்தி இலக்கணத்துக்குள் வராது. ஒரு வாரத்துக்குள் அந்த வசைச்சொல் அச்சிட்ட டி-சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஆதரவாளர்கள் கூட்டங்களுக்கு வந்தார்கள். அந்தச் செப்டம்பரில் பிட்ஸ்பர்க் நிருபரான சலேனா ஸிட்டோ அட்லாண்டிக் இதழில் ஒன்று சொன்னார்: பத்திரிகைகள் டிரம்பின் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்கின்றன, ஆளை முக்கியமாக எடுத்துக்கொள்வதில்லை, அவருடைய ஆதரவாளர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். வெற்றிக்குப் பிறகு இந்த வாக்கியத்தை மேற்கோள் காட்டாத கட்டுரை அரிது. அழகான வாக்கியம்தான், பாதிதான் உண்மை. ஆதரவாளர்களில் பலர் அவருடைய சொற்களையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்பது 2021 ஜனவரியில் அவர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தபோது தெரிந்தது.

வெற்றிக்குப் பிறகு நியூயார்க் டைம்ஸின் வெளியீட்டாளரும் ஆசிரியரும் வாசகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். டிரம்ப் பெற்ற ஆதரவைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோமா என்று தங்களையே கேட்டுக்கொண்டு, பத்திரிகைப் பணிக்கு மறுபடி ஒப்புக்கொடுப்பதாக உறுதி சொன்னார்கள். பதிப்புலகத்தில் ஜே.டி. வான்ஸ் அந்த ஆண்டு ஜூனில் வெளியிட்ட ‘ஹில்பில்லி எலெஜி’ கையேடுபோல் வாசிக்கப்பட்டது. நடுநாட்டுக்கு நிருபர் அனுப்பும் பயணங்கள் தொடங்கின. அவற்றில் பெரும்பாலானவை டைனரில் போய் நின்றன. டைனர் என்றால் நெடுஞ்சாலை ஓரத்திலும் சிற்றூர்க் கடைவீதியிலும் இருக்கும், காலை ஆறு மணிக்கே திறந்துவிடும் எளிய உணவகம். நீள மேடை, சுழலும் இருக்கைகள், நிரப்ப நிரப்ப வரும் காபி.

இங்கே ஒரு சாதாரணக் கேள்வி: வேலைநாள் காலை பத்து மணிக்கு டைனரில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஓய்வுபெற்றவர்கள், பெரும்பாலும் ஆண்கள், அந்த ஊர்களில் பெரும்பாலும் வெள்ளையர்கள். கூரை வேலை ஒப்பந்தக்காரர் அப்போது ஏணியில் இருப்பார். கார் விற்பனை நிலையத்தின் உரிமையாளர் அலுவலகத்தில் இருப்பார். புறநகர்ப் பல் மருத்துவர் நோயாளியின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவர்களும் டிரம்புக்கு வாக்களித்தவர்கள், பல இடங்களில் கட்சிக்குப் பணமும் கொடுத்தவர்கள். 2016 வேட்பாளர் தேர்வுச் சுற்றில் டிரம்புக்கு வாக்களித்தவர்களின் இடைநிலைக் குடும்ப வருமானம் ஆண்டுக்குச் சுமார் 72,000 டாலர் என்று நேட் சில்வர் கணக்கிட்டார். அப்போது நாட்டின் இடைநிலை வருமானம் சுமார் 56,000 டாலர். பொதுத்தேர்தலில் அவருக்கு வாக்களித்தவர்களிலும் 50,000 டாலருக்குக் கீழ் வருமானம் உள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே என்று நிக்கலஸ் கார்ன்ஸ், நோவம் லூப்பு என்ற இரு அரசியல் அறிஞர்கள் 2017இல் காட்டினார்கள். எழுத்தில் பதிந்துபோன படமோ துருப்பிடித்த ஆலையின் முன் நிற்கும் கைவிடப்பட்ட தொழிலாளி.

அந்தப் படம் பொய் அல்ல. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் சேர்த்து ஏறக்குறைய 77,700 வாக்குகள் வேறுபாட்டில் முடிந்த தேர்தல் அது. அங்கே கட்சி மாறிய தொழிலாளர்கள் முடிவை மாற்றினார்கள் என்பது சரி. மெக்கோமில் மட்டும் டிரம்ப் பெற்ற முன்னிலை சுமார் 48,000, மிச்சிகன் முழுவதிலும் அவர் வென்றது 10,704 வாக்குகளில். ஆனால் தேர்தலைத் தீர்மானித்த சில ஆயிரம் பேரும், அவரை ஆதரித்த ஆறு கோடியே முப்பது லட்சம் பேரும், கூட்டம் கூட்டமாகப் போகும் தீவிர விசுவாசிகளும் மூன்று வேறு கூட்டம். நிருபர் முதல் வகையைத் தேடிப் போய், மூன்றாம் வகையோடு பேசிவிட்டு, இரண்டாம் வகையைப் பற்றி எழுதினார். கல்விப்புலத்திலும் இதே குழப்பத்தின் நிழல் இருந்தது. 2018இல் டயானா மட்ஸ் பொருளாதார இழப்பைவிடச் சமூக அந்தஸ்து பறிபோகும் அச்சமே 2016 வாக்குகளை விளக்குகிறது என்று எழுதினார். அதே ஆண்டு ஸ்டீபன் மார்கன் அதே தரவுகளை எடுத்து, இரண்டையும் அப்படிப் பிரிக்க முடியாது என்று மறுத்தார். அச்சமும் இழப்பும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பது யங்ஸ்டவுனில் யாருக்கும் வியப்பாக இராது.

யங்ஸ்டவுன் என்றதும் இன்னொன்று. அந்த நகரத்தில் வாழ்பவர்களில் பத்தில் நான்கு பேருக்கும் மேல் கறுப்பின மக்கள். உருக்காலை மூடியபோது அவர்களுக்கும்தான் வேலை போனது. அதே இழப்பு, அதே ஊர், வேறு வாக்கு. உழைக்கும் வர்க்கத்தின் துயரம் என்று தலைப்பிட்ட கட்டுரைகளில் இந்தத் தொழிலாளர்கள் அனேகமாக வரவில்லை. வந்திருந்தால், இழப்பு மட்டுமே ஆதரவை உண்டாக்குகிறது என்ற வாதம் முதல் பத்தியிலேயே தடுமாறியிருக்கும்.

இந்த வகை எழுத்தின் உச்சமும் சங்கடமும் சேர்ந்து வந்த ஒரு கட்டுரை உண்டு. தேர்தல் முடிந்து ஓராண்டு ஆனபோது, 2017 நவம்பரில், பொலிட்டிகோ இதழின் மைக்கேல் க்ரூஸ் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுனுக்கு மறுபடி போனார். 1889 வெள்ளத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த ஊர், பின்னர் பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனத்தின் ஊர், பின்னர் எதுவும் இல்லாத ஊர். ஓராண்டுக்கு முன் பேசியவர்களையே அவர் மீண்டும் சந்தித்தார். உருக்காலை வேலை திரும்பாது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது, வந்தால்தான் ஆதரிப்போம் என்ற நிபந்தனையும் அவர்களிடம் இல்லை. டிரம்ப் தாக்கும் ஆட்களை அவர் தாக்குவது பிடித்திருந்தது, அவ்வளவுதான். கட்டுரை அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் பற்றிய ஓர் இனவெறுப்புச் சொல்லோடு முடிந்தது. ஒரு பக்கம், இவர்கள் யாரென்று தெரிந்துவிட்டது, இனி இந்தப் பயணங்களை நிறுத்துங்கள் என்றார்கள். மறுபக்கம், ஓர் ஊரையே இனவெறியர்களாக்கிவிட்டார் என்றார்கள். எனக்கு அது நேர்மையான கட்டுரையாகவே படுகிறது. திரும்பிப் போனதே பெரும்பாலோர் செய்யாத காரியம். போனதால்தான், ஆதரவுக்கும் வாக்குறுதிக்கும் இடையே நாம் கற்பித்துக்கொண்ட கயிறு அங்கே இல்லவே இல்லை என்பதை அவரால் காட்ட முடிந்தது.

அதே மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் ஒஹாயோவைச் சேர்ந்த ஒரு நாஜி அனுதாபியின் அன்றாட வாழ்க்கையை, கடைக்குப் போவதும் சமைப்பதுமாக விவரித்து வெளியிட்டது. வாசகர்கள் கொதித்தார்கள், ஆசிரியர் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. அனுதாபத்தோடு எழுதினால் ஆழமாக எழுதியதாகும் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. எதிர்த்திசையிலும் ஒரு வகை செழித்தது: நகைச்சுவை நிகழ்ச்சிகள் கூட்டத்துக்கு வெளியே மைக்கை நீட்டி, ஆதரவாளர் உளறுவதைப் பதிவு செய்து காட்டுவது. ஜோர்டன் க்ளெப்பர் இதில் தேர்ந்தவர், சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் நாள் முழுக்க எடுத்த பேட்டிகளில் எந்த ஐந்து நிமிடம் திரைக்கு வருகிறது என்பதைத் தீர்மானிப்பவர் வேறொருவர். இன்னொரு சில்லறைக் கோளாறு: ‘சாதாரண வாக்காளர்’ என்று அறிமுகமானவர் உள்ளூர்க் கட்சிப் பொறுப்பாளர் என்று பின்னால் தெரியவந்த சம்பவங்கள் பல ஊடகங்களில் நடந்தன. டைனருக்குள் நுழைந்ததும் முதலில் வந்து பேசுகிறவர் பெரும்பாலும் பேசிப் பழகியவர்தானே.

பொதுக்கூட்டங்களில் நிருபர் எங்கே நிற்கிறார் என்பதும் கவனிக்க வேண்டியது. டிரம்ப் கூட்டங்களில் அரங்கின் பின்பகுதியில் கம்பித் தடுப்புக்குள் ஊடகத்துக்கு இடம். 2015இன் இறுதியிலேயே, அந்தத் தடுப்பை விட்டு வெளியே போய் மக்களோடு பேச விடவில்லை என்று தொலைக்காட்சி நிறுவனங்கள் பிரச்சாரக் குழுவோடு மோதின. உள்ளே நிற்பவர் கூட்டத்தின் முதுகைத்தான் பார்க்க முடியும். பேச்சாளர் கை நீட்டிப் பின்னால் காட்டும்போது மட்டும் ஆயிரம் முகங்கள் ஒரே நேரத்தில் திரும்பும், அப்போது அவை கூச்சலிடும் முகங்களாக இருக்கும். 2017 பிப்ரவரியில் டிரம்ப் முக்கிய ஊடகங்களை மக்களின் எதிரி என்று எழுதினார். 2018 ஜூலையில் டாம்பா நகரில் சிஎன்என் நிருபர் ஜிம் அகோஸ்டாவைச் சூழ்ந்து ஆதரவாளர்கள் வசைபாடியது நாடு முழுக்கக் காணொளியாகப் பரவியது. மறுநாள் ஊடகத்தில் வந்த ஆதரவாளர் முகம் அந்த முகம்தான். அரங்கில் நடந்ததில் அது பொய்யல்ல. ஆனால் எதைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்பதை மேடையில் நின்றவரே முடிவு செய்திருந்தார்.

அந்த இடைவெளியில் வேறு கேமராக்கள் நுழைந்தன. அலபாமாவின் ஆபர்னில் 2015இல் தொடங்கிய ரைட் சைட் பிராட்காஸ்டிங் நெட்வொர்க், டிரம்ப் கூட்டங்களை முழுக்க நேரலை செய்வதற்கென்றே வளர்ந்தது. காலையிலிருந்து நீளும் வரிசையையும் மக்களின் முகங்களையும் காட்டி, வரிசையில் நிற்பவரிடம் எங்கிருந்து வந்தீர்கள், எத்தனையாவது கூட்டம் என்று கேட்டது. பத்திரிகையியல் என்று அதைச் சொல்ல முடியாது. அது பிரச்சாரத்தின் நீட்சி. ஆனாலும் தன்னை எதிர்நின்று பார்க்கும் கேமராவையும் முதுகுப்புறமிருந்து பார்க்கும் கேமராவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஆதரவாளருக்குக் கிடைத்தது. எதை நம்புவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2016இல் கேலப் கணிப்பில் ஊடகத்தின் மேல் நம்பிக்கை வைத்த குடியரசுக் கட்சியினர் 14 சதவீதம், 2024இல் 12.

கூட்டங்களுக்குள் நிஜமாகவே நுழைந்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் இருந்த மைக்கேல் பெண்டர், முதல் வரிசைக்காக நாள்கணக்கில் வெளியே படுத்துக் கிடக்கும் ‘ஃப்ரண்ட் ரோ ஜோஸ்’ என்ற குழுவோடு பழகி, 2021இல் வெளியான தன் புத்தகத்தில் அவர்களைக் கொண்டுவந்தார். பலர் ஓய்வுபெற்றவர்கள், வீட்டில் கட்டிப்போடும் பொறுப்பு அதிகம் இல்லாதவர்கள். ஒரே காரில் மாநிலம் மாநிலமாகப் போனார்கள், விடுதி அறையைப் பகிர்ந்துகொண்டார்கள், ஒருவர் வராவிட்டால் மற்றவர் விசாரித்தார்கள். இவர்களிடம் போய் டிரம்பின் வரிக்கொள்கை பற்றி வருத்தம் உண்டா என்று கேட்பதில் பொருளில்லை. அவரை விட்டால் நட்பு வட்டத்தையும் விட வேண்டும்.

டைனரைப் பழிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் க்ரேமர் 2007இலிருந்து மாநிலம் முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இதே காபிக் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் காலையில் கூடும் குழுக்களோடு உட்கார்ந்தார். ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் போனார். தலைநகர் மேடிசனும் மில்வாக்கியும் எங்கள் வரியைத் தின்கின்றன, எங்களை மதிப்பதில்லை என்ற கிராமப்புறக் கசப்பு டிரம்புக்கு வெகுமுன்பே அங்கே முற்றியிருந்ததை அவர் பதிவு செய்தார். அவருடைய புத்தகம் 2016இல், தேர்தலுக்கு முன்பே வந்தது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு 2011இலிருந்து ஐந்து ஆண்டுகள் லூசியானாவின் லேக் சார்ல்ஸ் பகுதியில் பழகினார். எண்ணெய், ரசாயன ஆலைகள் நீரைக் கெடுத்த ஊரில், மாசுக் கட்டுப்பாட்டையே எதிர்ப்பவர்களுக்கு ஏன் வாக்களிக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. பொறுமையாக வரிசையில் நிற்கிறோம், யார் யாரோ முன்னால் நுழைகிறார்கள் என்று உள்ளுக்குள் ஓடும் கதை ஒன்றை அவர் கண்டெடுத்தார். அந்தக் கதை உண்மையா என்ற கேள்வியை அவர் தட்டிக்கழிக்கவில்லை. தான் கேட்ட கூற்றுகளைத் தரவுகளோடு சரிபார்த்துப் பின்னிணைப்பாகவே சேர்த்தார். செய்தித்தாள்கள் அந்த வரிசைக் கதையை எடுத்துக்கொண்டன, பின்னிணைப்பை விட்டுவிட்டன.

2021 ஜனவரி 6க்குப் பிறகு எழுத்தின் தொனி ஒரே நாளில் திரும்பியது. நேற்றுவரை புரிந்துகொள்ளப்பட வேண்டியவர் இன்று அடையாளம் காணப்பட வேண்டியவர். நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்கள் ஆயுதக் குழுக்களின் ஆட்கள் என்ற முதல் எண்ணத்தைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பேப் பிப்ரவரியிலேயே கலைத்தார். கைதான 193 பேரை அவர் குழு ஆராய்ந்ததில், பத்தில் ஒன்பது பேருக்கு அத்தகைய குழுக்களோடு தொடர்பு தெரியவில்லை. ஏறத்தாழ 40 சதவீதம் பேர் தொழில் நடத்துபவர்கள் அல்லது அலுவலகப் பணியாளர்கள். பாதிக்கு மேல் பைடன் வென்ற கவுண்டிகளிலிருந்து வந்தவர்கள். டைனரில் இல்லாதவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். நான்கு ஆண்டு டைனர் இலக்கியத்துக்கு இதைவிடக் கடுமையான மதிப்புரை வந்ததில்லை. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்ற முதல் நாளிலேயே அந்த ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பும் தண்டனைக் குறைப்பும் கொடுத்தார். குற்றவாளி என்ற செய்தித் தலைப்பும் பிணைக்கைதி என்ற அவர்களின் தலைப்பும் ஒரே நபரைக் குறித்தன.

கடைசியாக ஓர் இடம், இந்த வரைபடத்திலேயே இல்லாதது. டெக்சாஸின் தென்கோடியில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் ஸ்டார் கவுண்டி. மக்களில் 97 சதவீதம் பேர் ஹிஸ்பானியர்கள், நாட்டின் ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. 1892க்குப் பிறகு 2024 வரை எந்தக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரும் அங்கே வென்றதில்லை. 2016இல் கிளின்டனுக்கு 79 சதவீதம் விழுந்தது. 2020இல் பைடன் அங்கே வென்றது சுமார் ஐந்தே புள்ளிகளில். அறுபது புள்ளி இடைவெளி நான்கே ஆண்டுகளில் கரைந்திருந்தது. சில கட்டுரைகள் வந்தன, பிறகு கேமராக்கள் பழையபடி ஒஹாயோவுக்கும் பென்சில்வேனியாவுக்கும் போயின. 2024இல் டிரம்ப் அங்கே வென்றார். விலைவாசி, எண்ணெய்க் கிணற்று வேலை, ஊருக்குச் சம்பளம் தரும் எல்லைக் காவல் பணி, எல்லையைக் கடந்து வருவோர் பெருகியது, ஆண்டாண்டாக வாக்கை உறுதியென்று எண்ணி எட்டிப் பார்க்காத ஜனநாயகக் கட்சி என்று அங்கே காரணங்கள் பல. அவற்றில் ஒன்றுகூட வெள்ளைத் தொழிலாளியின் கசப்பு என்ற சட்டகத்துக்குள் அடங்காது. டிரம்ப் ஆதரவாளர் எப்படி இருப்பார் என்று பல ஆண்டுகளாக எழுதி எழுதி ஒரு முகத்தை வரைந்து வைத்திருந்தார்கள். அந்த முகம் ஸ்டார் கவுண்டியில் யாருக்கும் இல்லாததால்தான் 2020இன் எண்களைப் பார்த்தும் அங்கே ஒரு நிருபரை நிரந்தரமாக வைக்க வேண்டும் என்று எந்தப் பெரிய பத்திரிகைக்கும் தோன்றவில்லை.